அடுத்த சுற்றுலா மழைக்காட்டுக்கு: நம் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் உறுப்பினர்களுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

ஊர்ச் சங்கம், முன்னாள் மாணவர் சங்கம், கோயில் தொண்டூழியர் குழு, சமூக மன்றக் குழு என்று நம்மிடம் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு பேருந்து பிடித்து எங்களை எங்காவது கூட்டிப்போகிறீர்கள். விடிகாலையில் புளோக்குக்குக் கீழே நின்று பெயர் சரிபார்ப்பது, கடப்பிதழை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவருக்காகக் காத்திருப்பது, எல்லார் கையிலும் ஆளுக்கொரு பசியாறல் பொட்டலம் வைப்பது, எல்லாமே சம்பளமில்லாத வேலை. அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனால்தான் இந்த மடலைப் பயண நிறுவனங்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த ஆண்டுச் சுற்றுலாக்களில் ஒன்றையாவது மலேசியாவின் பகாங் மாநிலத்தில் இருக்கும் தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் மழைக்காட்டுக்கு வையுங்கள். தனிப் பேருந்து, சொகுசு விடுதி, ஒரே ஓர் இரவு, மறுநாள் ஓட்டமாகத் திரும்புவது என்ற வழக்கமான முறை வேண்டாம். ரயிலில் போய், கிராமத்து விடுதியில் மூன்று இரவு தங்கி, ஒருவருக்கு 200 வெள்ளிக்குள் முடித்துவிட்டு வரலாம்.

இதை நான் ஏற்கெனவே ஒரு குழுவின் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்தான். தூரம் அதிகம், செலவு அதிகம், வயதானவர்களால் முடியாது என்று சொல்லி மலாக்காவையே முடிவுசெய்தார்கள். மலாக்கா மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சொன்ன மூன்று காரணங்களையும் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தால் மூன்றுமே நிற்காது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் செலவு. தாமான் நெகாராவுக்குள் நுழைய வாங்கும் அனுமதிச் சீட்டு பல ஆண்டுகளாக 1 ரிங்கிட். கேமரா கொண்டுபோக 5 ரிங்கிட். காட்டு உச்சியில் கட்டியிருக்கும் தொங்குபாலத்துக்கும் அந்த அளவில்தான் கட்டணம். (போகும் நேரத்தில் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள், கட்டணங்கள் மாறக்கூடியவை.) இப்படி இருக்க, நம் கைக்கு வரும் விளம்பரத்தில் மட்டும் இந்தப் பயணம் எப்படி நானூறு ஐந்நூறு வெள்ளி ஆகிறது?

அவசரத்தினால் ஆகிறது. சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை இரவு வீடு திரும்ப வேண்டும் என்று முடிவெடுத்த நொடியிலேயே விலை ஏறிவிடுகிறது. பொதுப் போக்குவரத்து அந்த நேரத்துக்கு ஒத்துவராது, ஆகவே தனிப் பேருந்து. ஓட்டுநர் தங்குவதற்கும் நாமே கொடுக்க வேண்டும். கிடைக்கும் ஒரே மாலையில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும், ஆகவே எல்லாவற்றுக்கும் தனிப் படகு, தனி வழிகாட்டி. ஒரே இரவு என்பதால் கூட்டம் முழுவதும் ஒரே இடத்தில் தங்க வேண்டும், அவ்வளவு அறைகள் ஒன்றாக இருக்கும் இடம் பெரிய விடுதிதான். இன்னும் இரண்டு இரவு சேர்த்துப் பாருங்கள், இந்தச் செலவுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். நாள் கூடினால் காசு கூடும் என்பது மற்ற ஊர்களுக்குச் சரி. இந்த ஊருக்குச் சரியில்லை.

நான் போட்ட கணக்கு இது. ஜொகூர் பாருவிலிருந்து ரயில், அது நம்மை இறக்கிவிடும் ஜெராண்டுட்டிலிருந்து வேன் அல்லது படகு, பூங்காவை ஒட்டிய குவாலா தஹான் கிராமத்தில் பொது அறையில் மூன்று இரவு படுக்கை, நான்கு நாள் சாப்பாடு, ஆற்றில் ஒரு படகுப் பயணம், வழிகாட்டியோடு ஓர் இரவு நடை. தாராளமாகப் போட்டும் 500 ரிங்கிட்டைத் தாண்டவில்லை. ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிற நமக்கு இது எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்து, வழி. கிளந்தானில் இருக்கும் தும்பாட் வரை போகும் கிழக்குக் கரை இரவு ரயில் ஜொகூர் பாரு சென்ட்ரலிலிருந்து கிளம்பி விடியுமுன் ஜெராண்டுட்டில் இறக்கிவிடும். நம்மில் வயதில் மூத்தவர்களுக்கு இந்த ரயில் தெரிந்திருக்கும். தஞ்சோங் பகார் நிலையம் 2011-இல் மூடப்படும் முன்பு அங்கிருந்தே கிளந்தானுக்கு ஏறியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கடற்பாலம் தாண்டுவது மட்டும்தான் இதில் கடினமான பகுதி. அதற்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள், பள்ளி விடுமுறை என்றால் இன்னும் கூடுதலாக. ரயில் கிடைக்காவிட்டால் ஜொகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையத்திலிருந்து தெமர்லோ வரை பேருந்து, அங்கிருந்து ஜெராண்டுட். கோலாலம்பூருக்குப் போய்ப் பேருந்து மாறுவதும் உண்டு, ஆனால் அது வீண் சுற்று. ரயில் நேர அட்டவணையை அவ்வப்போது மாற்றுகிறார்கள், பயணச்சீட்டு வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தண்டவாளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கெமாசிலிருந்து தும்பாட் வரை 526 கிலோமீட்டர், 1931-இல் முழுமை பெற்ற பாதை. மலாயாவின் ரயில் பாதைகளில் எத்தனை தமிழர்களின் வியர்வை கலந்திருக்கிறது என்பது நம் குடும்பங்களுக்குத் தெரிந்த கதை. ஜப்பானியர் காலத்தில் இந்தப் பாதையின் நடுப்பகுதித் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அந்த வேலைக்குத் தோட்டங்களிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட நம்மவர்கள் பல்லாயிரம் பேர் திரும்பி வரவேயில்லை. ஒரு தமிழ் அமைப்பு இந்த ரயிலில் உறுப்பினர்களை ஏற்றிப் போகும்போது, பெட்டியிலிருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். எந்தப் பயண நிறுவனமும் அந்த வேலையைச் செய்யாது.

ஜெராண்டுட் சிறிய ஊர். விடியும் வரை நிலையத்திலோ பக்கத்துக் கடைகளிலோ உட்கார்ந்திருக்கலாம். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் கிடைத்துவிடும். பணம் எடுக்க வேண்டியவர்கள் இங்கேயே எடுத்துவிட வேண்டும், கிராமத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. இங்கிருந்து குவாலா தஹானுக்கு வேன்கள் போகின்றன, உள்ளூர்ப் பேருந்தும் உண்டு, ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகும். ஆனால் போகும்போதாவது படகில் போங்கள் என்பேன். குவாலா தெம்பெலிங் படகுத்துறையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர், தெம்பெலிங் ஆற்றை எதிர்த்து மூன்று மணி நேரம். தனியாகப் போகிறவர்களுக்குப் படகு நிரம்புமா என்ற கவலை இருக்கும். குழுவாகப் போகும் நமக்கு அது இல்லை, நாமே நிரப்பிவிடலாம். நீளமான மரப் படகு, தரையோடு தரையாக உட்கார வேண்டும், தண்ணீர் கை எட்டும் தூரத்தில் ஓடும். முதல் அரை மணி நேரம் எல்லாரும் பேசுவார்கள். அப்புறம் கரையில் வீடுகள் குறைந்து மரங்கள் உயர உயரப் பேச்சு தானாகவே நின்றுவிடும். வேனில் வந்து இறங்குகிறவருக்கு இது கிடைக்காது.

எப்போது போவது என்பதில்தான் நம் அமைப்புகள் பெரிய தவறு செய்கின்றன. நமக்குச் சுற்றுலா என்றாலே டிசம்பர். கிழக்குக் கரைப் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். நவம்பரிலிருந்து ஜனவரி வரை ஆறு பெருகும், பாதைகள் சேறாகும், படகு நிற்கும். முன்பெல்லாம் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை பூங்காவையே மூடிவைத்தார்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். மார்ச், ஜூன், செப்டம்பர் என்று நம் பள்ளி விடுமுறைகளில் மூன்று அதற்குள் வந்துவிடுகின்றன. கூடவே நோன்பு மாதமும் பெருநாளும் எப்போது என்று நாள்காட்டியைப் பாருங்கள். குவாலா தஹான் மலாய் முஸ்லிம் கிராமம். அந்த நாள்களில் உணவகங்கள் பல பகலில் மூடியிருக்கும், படகோட்டிகள் குடும்பத்தோடு இருக்க விரும்புவார்கள். அவர்களைத் தொந்தரவு செய்வது முறையல்ல.

கிராமம் ஆற்றின் ஒரு கரை, பூங்கா மறு கரை. பெரிய விடுதி பூங்காக் கரையில் இருக்கிறது, நம் பட்ஜெட்டுக்கு ஏற்ற சிறு விடுதிகளும் வீட்டுத் தங்கல்களும் கிராமக் கரையில். நடுவில் கடத்தல் படகு, ஆளுக்கு ஒன்றிரண்டு ரிங்கிட். கரையோரம் மிதவைகளின் மேல் உணவகங்கள் கட்டியிருக்கிறார்கள். ஆற்று மட்டம் ஏறினால் அவையும் ஏறும், இறங்கினால் இறங்கும், நாம் போகும் மரப்படி மட்டும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாய்வில் இருக்கும். நாசி கோரேங், தொம் யாம், பொரித்த மீன் இவைதான் சாப்பாடு. மது கிடைக்காது, குடும்பங்களைக் கூட்டிப்போகும் அமைப்புக்கு அது வசதி என்றே சொல்வேன்.

சைவ உறுப்பினர்களுக்கு மட்டும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். காய்கறி வதக்கலிலும் பெலாச்சான் என்ற இறால் விழுதைப் போடுவார்கள், முட்டையைச் சைவம் என்று நினைத்து வைத்துவிடுவார்கள். சமையல் ஆரம்பிக்குமுன் போய், பெலாச்சான், இக்கான் பிலிஸ் (நெத்திலி), முட்டை மூன்றும் வேண்டாம் என்று மலாயில் தெளிவாகச் சொன்னால் முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்கள். நான் பார்த்த ஓர் அக்கா வாணலியைத் தனியாகக் கழுவிக் காட்டிவிட்டுத்தான் கீரையைப் போட்டார். முதல் நாளுக்குப் புளியோதரை, அப்புறம் பருப்புப் பொடி, ஊறுகாய், ஒரு சிறிய பாட்டில் நல்லெண்ணெய். நம் பெண்கள் இருக்கும் குழுவில் இதற்கெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி காடு. சிங்கப்பூரின் மொத்த நிலப்பரப்பு 735 சதுர கிலோமீட்டர் அளவு. தாமான் நெகாரா 4,343. ஏறத்தாழ ஆறு சிங்கப்பூர், பகாங், கிளந்தான், திரங்கானு மூன்று மாநிலங்களிலும் பரவி, நடுவில் 2,187 மீட்டர் உயரத்தில் தீபகற்பத்தின் மிக உயர்ந்த மலையான குனோங் தஹான். இந்தக் காட்டின் வயது 13 கோடி ஆண்டு என்று சொல்லப்படுகிறது. 1938-39-இல் மூன்று சுல்தான்களின் ஒப்புதலோடு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, சுதந்திரத்துக்குப் பின் இன்றைய பெயர் பெற்றது. நம் புக்கிட் தீமா இயற்கை வனம் ஒன்றரை சதுர கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். மெக்ரிட்சியில் 2004-இல் திறந்த 250 மீட்டர் தொங்குபாலத்தில் நடந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அவை இரண்டும் எனக்கு மிகப் பிடித்த இடங்கள். ஆனாலும் அங்கே எந்த இடத்தில் நின்றாலும், கொஞ்சம் காது கொடுத்தால் விரைவுச்சாலையின் இரைச்சல் கேட்கும். விரைவுச்சாலை கேட்காத காடு எப்படியிருக்கும் என்பதை இங்கே வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அனுபவித்ததில்லை.

பணம் கொடுக்காமலே பார்க்க முடிகிறவைதான் இங்கே அதிகம். பூங்காத் தலைமையகத்திலிருந்து மரப்பலகைப் பாதை காட்டுக்குள் போகிறது, வயதானவர்களும் மெதுவாக நடக்கலாம். புக்கிட் தெரெசெக் குன்றில் ஏறினால், காலைப் பனி விலகும்போது மலைத்தொடர்கள் தெரியும். துவாலாங் மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். தென்கிழக்காசியாவின் மிக உயரமான மரங்களில் ஒன்று அது, 80 மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. நம் இருபத்தைந்து மாடி அடுக்குமாடி வீட்டின் உயரத்துக்கு ஒரே தண்டு, அதன் கிளைகளுக்கு அடியில் மலைத்தேனீக்கள் பலகை பலகையாக அடை கட்டியிருக்கும். இதற்கெல்லாம் வழிகாட்டி தேவையில்லை, பாதைகளில் பெயர்ப்பலகை உண்டு. வழிகாட்டிக்குக் காசு கொடுக்க வேண்டியது இரவு நடைக்குத்தான், அங்கே கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கைவிளக்கை ஓர் இலையின் அடியில் பிடித்து, நாம் பத்துத் தடவை கடந்துபோன இடத்தில் உட்கார்ந்திருக்கும் குச்சிப்பூச்சியைக் காட்டுவதற்கு அந்த ஊரில் பிறந்த கண் வேண்டும்.

படகுப் பயணத்தில் லாத்தா பெர்கோ அருவிப் பக்கம் போவதைத் தேர்ந்தெடுங்கள். தஹான் ஆறு குறுகலானது. இரண்டு கரையிலிருந்தும் நெராம் மரங்கள் சாய்ந்து மேலே கைகோத்துக்கொள்ளும், அடியில் தேநீர் நிறத்தில் தெளிந்த தண்ணீர். சிறு படகுகளில் நான்கு பேர் போகலாம், வாடகை படகுக்கே தவிர ஆளுக்கு இல்லை. ஆகவே குழுவை நான்கின் மடங்காக வைத்தால் வீண் செலவில்லை. வழியில் கெலா மீன்களுக்கான காப்பிடம் இருக்கிறது. ஆற்றில் அருகிப்போன, சந்தையில் மிக விலையுயர்ந்த அந்த மீன் முழங்கால் அளவுத் தண்ணீரில் காலைச் சுற்றி வரும்.

அட்டையைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் உங்கள் குழுவில் கட்டாயம் இருப்பார்கள். மழை பெய்து ஓய்ந்த பாதையில் குனிந்து பாருங்கள். தீக்குச்சியை விட மெல்லிய ஒன்று, உதிர்ந்த இலையின் ஓரத்தில் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு, முன்னுடம்பைத் தூக்கிக் காற்றில் துழாவிக்கொண்டிருக்கும். நம் மூச்சையும் உடம்புச் சூட்டையும் தேடுகிறது அது. கடித்தால் வலிக்காது, நோயும் பரப்பாது, ஆனால் இரத்தம் உறையாமல் செய்யும் ஒன்றை விட்டுவிடுவதால் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும். நகத்தால் வாய்ப்பக்கத்தைத் தள்ளினால் விட்டுவிடும். நெருப்பு வேண்டாம், பிய்த்து இழுக்கவும் வேண்டாம். முழங்கால் வரை வரும் காற்பந்துக் காலுறை, அதற்குள் சொருகிய கால்சட்டை, இவை போதும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும்.

இளையர்கள் இருக்கும் குழு என்றால் ஓர் இரவைப் பும்புனில் கழிக்கச் சொல்வேன். விலங்குகள் உப்பு நக்க வரும் இடத்தைப் பார்த்தபடி காட்டுக்குள் உயரத்தில் கட்டிய மர மறைவிடம் அது. பலகைக் கட்டில், மெத்தை கிடையாது, மின்சாரம் கிடையாது. எவை திறந்திருக்கின்றன என்று வனவிலங்குத் துறை அலுவலகத்தில் கேட்டு முன்பதிவு செய்ய வேண்டும், கட்டணம் மிகக் குறைவு. மாலை ஆறு மணிக்குச் சில்வண்டுகள் ஒரே நேரத்தில் இரம்பம் அறுப்பதுபோல் ஆரம்பிக்கும், பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பிறகு சட்டென்று நிற்கும். நாங்கள் முறை போட்டு விழித்திருந்தோம். நள்ளிரவுக்கு மேல் கீழே சேற்றில் சளக் சளக்கென்று ஏதோ நடந்தது. விளக்கு போடாமல் பார்த்தால், இருட்டில் ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நகர்ந்துபோனது. தலையும் தோளும் காலும் கருப்பு, நடு உடம்பு மட்டும் வெள்ளை: தாப்பிர். 2023-இல் பொங்கோலில் சைக்கிள் பாதையில் ஓடி எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்ததே, அதே விலங்கு. உப்புத்தண்ணீரை உறிஞ்சும் சத்தம் தெளிவாகக் கேட்டது. எங்களோடு இருந்த பதினாறு வயதுப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கையை இறுக்கியதில் நகம் பதிந்துவிட்டது.

எல்லாருக்கும் இது வாய்க்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். புலியைக் காட்டுவோம் என்று அறிக்கையில் போடவே கூடாது. மலேசியாவின் காடுகளில் 150-க்கும் குறைவான புலிகளே மிஞ்சியிருப்பதாக அந்த நாட்டின் கணக்கெடுப்பு சொல்கிறது. யானை, புலி, சிறுத்தை எல்லாம் இங்கே வாழ்கின்றன, ஆனால் நம் கண்ணில் படாமல் வாழ்கின்றன. இருவாட்சியின் சிறகடிப்பைக் கேட்கலாம், காட்டுப்பன்றியையும் கடம்பை மானையும் பார்க்கலாம். அதைச் சொல்லி அழைத்துப்போனால் ஏமாற்றம் இருக்காது.

பாத்தேக் மக்களைப் பற்றி உங்களிடம் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். இந்தக் காட்டின் பூர்வகுடிகள் அவர்கள். பூங்கா வருமுன், மாநில எல்லைகள் வருமுன் இங்கே இருந்தவர்கள், இன்றும் இடம் மாறி மாறி வாழ்கிறார்கள். அவர்கள் குடியிருப்புக்குக் கூட்டிப்போய், ஊதுகுழல் அம்பு காட்டி, அரை மணி நேரத்தில் திரும்பும் பயணங்கள் விற்கப்படுகின்றன. அங்கே நம்மவர்கள் குழந்தைகளுக்கு மிட்டாய் எறிவதையும், கேட்காமல் முகத்துக்கு நேராகக் கைப்பேசியை நீட்டுவதையும் பார்த்து மனம் வெந்திருக்கிறேன். இதே பூங்காவின் கிளந்தான் பக்க வாசலான குவாலா கோவில் 2019-இல் பாத்தேக் மக்களிடையே தட்டம்மை பரவிப் பல உயிர்கள் போயின. நமக்குச் சாதாரணமான காய்ச்சல் அவர்களுக்குச் சாதாரணமல்ல. போவதென்றால் அவர்கள் சம்மதத்தோடு, சிறு குழுவாக, அவர்கள் கைக்கே பணம் போய்ச் சேரும் விதத்தில் போகட்டும். சளி, இருமல் இருப்பவர் விடுதியில் இருக்கட்டும். இப்படி ஏற்பாடு செய்ய முடியாவிட்டால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள், காட்டில் பார்க்க வேறு நிறைய இருக்கிறது.

வயதானவர்களால் முடியாது என்றார்களே, அதற்கு வருகிறேன். எழுபது வயதுக்காரர் எல்லாரும் குன்று ஏற வேண்டியதில்லை. படகில் உட்காரவும் பலகைப் பாதையில் மெதுவாக நடக்கவும் முடிந்தால் போதும். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்து பின்னால் சிங்கப்பூர் வந்தவர்கள் நம் மூத்தவர்களில் பலர். காட்டோரத்து வாழ்க்கை அவர்களுக்குப் புதிதல்ல, எந்தப் பழத்தைத் தொடக்கூடாது, எந்த எறும்பு கடிக்கும் என்று நமக்குச் சொல்லித்தர அவர்களால் முடியும். மூன்று இரவு தங்கும்போது, நடக்க விரும்பாதவர் ஒரு பகல் முழுக்க மிதவை உணவகத்தில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஓர் இரவுப் பயணத்தில்தான் அவர்களை விரட்ட வேண்டியிருக்கிறது. மருந்துகளைக் கூடுதலாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், பயணக் காப்புறுதி எடுத்துவிடுங்கள், மருத்துவமனை ஜெராண்டுட்டில்தான் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இதய நோய்க்கு அண்மையில் சிகிச்சை பெற்றவர் அடுத்த முறை வரட்டும்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிராமத்தை விட்டுக் காட்டுக்குள் நுழைந்தால் கைப்பேசிக்குச் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். தாத்தா பாட்டியோடு நான்கு நாள், கையில் திரை இல்லாமல். ஏப்ரலில் தமிழ் மொழி விழாவுக்காக நாம் வைக்கும் பேச்சுப் போட்டிகள் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் தயாரித்த பேச்சை ஒப்பிக்கும் பிள்ளையை விட, "ஐயோ பாட்டி, உங்க காலில் அட்டை" என்று அலறும் பிள்ளையின் தமிழ் எனக்கு நம்பிக்கை தருகிறது. இந்தப் பயணத்தையே விழா மாத நிகழ்ச்சியாக வைக்க ஏதாவது ஓர் அமைப்பு முன்வந்தால் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன்.

எண்டாவ் ரொம்பின் இன்னும் பக்கமாயிற்றே என்று சிலர் கேட்பார்கள். அழகான காடு, ஜொகூரிலேயே தொடங்குகிறது. ஆனால் கஹாங்கிலிருந்து கம்போங் பெத்தா வரை 56 கிலோமீட்டர் மண் பாதை, நான்கு சக்கர இழுவை வண்டி இல்லாமல் போக முடியாது. அந்த வண்டிகளின் வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். பணம் குறைவான குழுவுக்குத் தூரத்துக் காடுதான் மலிவு.

கடைசியாக, யாரை அழைத்துப்போவது என்பது. 45 பேர் பேருந்து நிரம்ப வேண்டும் என்ற கணக்கை இந்த ஒரு பயணத்துக்கு விட்டுவிடுங்கள். பன்னிரண்டு பேர், கூடிப்போனால் பதினாறு. அதற்கு மேல் போனால் காட்டுப் பாதையில் முன்னால் போகிறவர்களின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காது, பொது அறைகளிலும் இடம் கிடைக்காது. பெயர் கொடுக்கிறவர்கள் அதிகமானால் ஜூனில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என்று பிரியுங்கள். அந்தப் பதினாறில் நான்கு இடங்களை வசதி குறைந்த குடும்பங்களுக்கு வையுங்கள், அமைப்பின் நிதியிலிருந்து 800 வெள்ளி கூட ஆகாது. நம் வீட்டுக்குப் பக்கத்தில் கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுத் தம்பிகளையும் கேட்டுப் பாருங்கள். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு மலேசியா 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாத அனுமதி தந்தது. அந்தச் சலுகை பயண நாளில் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து, மின்னிலக்க வருகை அட்டையைப் போகும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பி, விடுப்புக்கு முதலாளியிடம் முன்கூட்டியே பேச உதவி செய்தால் அவர்களும் வரலாம். வேலை, தங்குவிடுதி, ஞாயிற்றுக்கிழமை தேக்கா என்று மட்டுமே இந்த வட்டாரத்தைப் பார்த்தவர்கள் அவர்கள்.

மார்ச் விடுமுறையில் போவதென்றால் டிசம்பரிலேயே விடுதியில் படுக்கைகளைச் சொல்லிவைக்க வேண்டும், ரயில் சீட்டு விற்பனை திறந்த அன்றே வாங்கிவிட வேண்டும். ரயில் நேரம், விடுதிகளின் எண்கள், கொண்டுபோக வேண்டிய பொருள்களின் பட்டியல், ஆள்வாரிச் செலவுக் கணக்கு எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். எந்த அமைப்பின் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் அவற்றோடு வருகிறேன். சனிக்கிழமை மாலைகள் எனக்கு வசதி.

அன்புடன்,
உங்கள் உறுப்பினர்களில் ஒருத்தி,
ஈசூன்